பாக்ஸ் ப்ளாட் மேலே இந்த வருஷ மழையைப் புள்ளியாக வைப்பது எப்படி? (ஆர், ஜிஜிப்ளாட்2)

மடிப்பாக்கம்_மொட்டைமாடி:

எங்க அபார்ட்மென்ட்டில் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒட்ட ஒரே ஒரு படம் வேண்டும். ஏ3 தாள், கருப்பு வெள்ளை. கலர் பிரின்ட்டுக்கு அசோசியேஷன் பணம் தராது. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பெட்டி, ஒவ்வொரு பெட்டியிலும் 1991 முதல் 2020 வரை அந்த மாதம் பெய்த மழை. பாக்ஸ் ப்ளாட் என்றால் இதுதான்: பெட்டிக்குள் நடுப் பாதி வருஷங்கள், உள்ளே இருக்கும் கோடு மீடியன் (நடு மதிப்பு), பெட்டியின் இரு விளிம்பும் குவார்ட்டைல், வெளியே நீளும் கோடு விஸ்கர், அதற்கும் அப்பால் நிற்கும் புள்ளி அவுட்லையர். அதன் மேலேயே, இந்த வருஷம் மொட்டைமாடி மழைமானியில் நான் குறித்து வைத்திருக்கும் அளவு புள்ளியாக வரணும். 2015 மட்டும் தனிக்குறியாக வரணும். ஏனென்றால் எங்க ஏரியாவில் எந்த மழையையும் அந்த வருஷத்தோடுதான் ஒப்பிடுவார்கள். "இதெல்லாம் ஒரு மழையா, பதினஞ்சுல பார்த்திருக்கணும்" என்று சொல்லாத ஆள் எங்க ப்ளாக்கில் கிடையாது.

எதற்கு இவ்வளவு பாடு என்றால், மழைநீர் சேகரிப்புக் குழி. 2003-ல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்களே, அப்போது போட்டது. ஜல்லியும் மணலும் சேறு அடைத்துக் கிடக்கிறது. மாடித் தண்ணீர் குழாய் வழியாக வந்து, குழிக்குள் இறங்காமல் நேராகத் தெருவுக்குப் போகிறது. தூர் வாரலாம் என்றால் "போன மாசம் பெய்யவே இல்லையே, என்ன அவசரம்" என்கிறார்கள். முன்பு ஒரு தடவை மாதச் சராசரியை பார் சார்ட்டாகப் போட்டுக் காட்டினேன். ஒருத்தரும் அசையவில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. சராசரியை மட்டும் பார்த்தால் சென்னை நவம்பர், தேதி அஞ்சு ஆனால் வாடகையைக் கையில் கொடுத்துவிடும் குடித்தனக்காரர் மாதிரி தெரியும். உண்மையில் ஒரு வருஷம் கையை விரிக்கும், ஒரு வருஷம் கார் பார்க்கிங்குக்குள் வரும். அந்த விரிவுதான் ஜனங்கள் கண்ணில் படணும். அதற்கு பாக்ஸ் ப்ளாட்டை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

டேட்டா: வானிலைத் துறையின் புனே அலுவலகம் இலவசமாகத் தரும் 0.25 டிகிரி கட்டத் தரவு (நாட்டைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எண்), தினசரி மழை. பைத்தானில் ஐஎம்டிலிப் என்ற தொகுப்பை வைத்துப் படித்து, எங்க கட்டத்தை மட்டும் எடுத்து, மாதக் கூட்டுத்தொகை போட்டு சிஎஸ்வி ஆக்கியிருக்கிறேன். படம் வரைவது ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில், அதன் ஜிஜிப்ளாட்2 தொகுப்பை வைத்து. ஆபீசில் அதுதான் பழக்கம்.

இனி சிக்கல். மாதத்தை 1, 2, 3 என்று எண்ணாக வைத்தால் பன்னிரண்டு பெட்டிக்குப் பதில் நட்டநடுவே ஒரே ஒரு குண்டுப் பெட்டி வருகிறது, கூடவே குரூப் போட மறந்தீர்களா என்று ஓர் எச்சரிக்கை. சரி என்று மாதப் பெயரைத் தமிழில் எழுதினால் பன்னிரண்டும் வருகிறது, ஆனால் அகர வரிசையில். அக்டோபர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொள்கிறது, அடுத்து ஆகஸ்ட், அப்புறம் ஏப்ரல். மாதத்தை ஃபேக்டர் (வரிசை குறித்த வகை) ஆக்கி வரிசையைச் சரிசெய்தேன். இந்த வருஷப் புள்ளிகளைச் சேர்த்த உடனே மறுபடியும் அக்டோபர் முன்னால் ஓடுகிறது. புள்ளிகளைக் கோட்டால் இணைக்கலாம் என்றால் கோடே வரவில்லை. 2015 நவம்பர் உச்சியில் போய் நிற்பதால் மற்ற மாதங்கள் எல்லாம் தரையோடு நசுங்கிக் கிடக்கின்றன. ஒய்லிம் (ஒய் அச்சின் எல்லை) போட்டு 600 மி.மீ.யில் வெட்டினால் நவம்பர் பெட்டியே ஆள் மாறிவிடுகிறது. எதனால்?

இன்னொன்று. ஒரு ராத்திரி பெய்த பெய்யில் மானி நிரம்பிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் விளிம்பு வரை தண்ணீர், எவ்வளவு வழிந்து போனதோ தெரியாது. அந்த மாதத்தை எப்படிக் குறிப்பது?

தரமணி_ரூட்2:

பாஸ், முதல்ல அந்த ஒய்லிம். அதுதான் இருக்கறதுலயே ஆபத்தானது, ஏன்னா படம் பார்க்க நல்லாவே இருக்கும், ஆனா பொய் சொல்லும். ஒய்லிம் போட்டா ஜிஜிப்ளாட் படத்தை மட்டும் வெட்டாது. 600-க்கு மேல இருக்கற வரிசைகளை டேட்டாவுலேர்ந்தே தூக்கிட்டு, மிச்சத்தை வெச்சு மீடியன், குவார்ட்டைல் எல்லாம் புதுசா கணக்குப் போடும். அதாவது நல்லா பெஞ்ச நவம்பர்களை எல்லாம் தள்ளிட்டு, சுமாரான நவம்பர்களுக்கு மட்டும் பெட்டி வரைஞ்சு குடுக்கும். கன்சோல்ல இத்தனை வரிசை நீக்கப்பட்டதுன்னு சின்னதா ஒரு எச்சரிக்கை வந்திருக்கும், பாருங்க. அதுக்கு பதிலா கோஆர்ட்_கார்ட்டீசியன் உள்ள ஒய்லிம் குடுங்க. அது கணக்கை முடிச்சுட்டு அப்புறமா ஜூம் பண்ணும், பெட்டி மாறாது. ஆனா உங்க 2015 நவம்பர் குறி அப்பவும் சட்டத்துக்கு வெளில போயிடும். அதுக்கு வேற வழி பார்க்கணும்.

அக்டோபர் முன்னாடி ஓடுறதுக்குக் காரணம், ரெண்டாவது டேட்டா ஃபிரேம்ல (அட்டவணைல) மாதம் இன்னும் வெறும் எழுத்தா இருக்கு. ஒரு லேயர்ல ஃபேக்டர், இன்னொரு லேயர்ல கேரக்டர்னு கலந்து குடுத்தா நீங்க போட்ட வரிசை செல்லாது. ஜனவரிலேர்ந்து டிசம்பர் வரை ஒரே ஒரு வெக்டர் வெச்சுக்கோங்க. முப்பது வருஷம், இந்த வருஷம், 2015, மூணு ஃபிரேமுக்கும் அதையே லெவல்ஸா (ஃபேக்டரோட வரிசைப் பட்டியலா) குடுங்க. இந்த வருஷத்துக்கு டிசம்பர் இன்னும் வரலைன்னாலும் லெவல் பன்னிரண்டும் இருக்கட்டும்.

கோடு வராததுக்கு, ஜியாம்_லைன் ஏஇஎஸ் உள்ள குரூப் = 1 போடணும். எக்ஸ் அச்சுல ஃபேக்டர் இருந்தா ஒவ்வொரு மாதமும் தனி குரூப். ஒரு குரூப்ல ஒரே புள்ளி, எங்கேர்ந்து கோடு வரும்? ஆனா எனக்குக் கேட்டா கோடு வேணாம். இது மாதக் கூட்டுத்தொகை, ரெண்டு மாதத்துக்கு நடுவுல எந்த அளவும் கிடையாது. கருப்பு வெள்ளைல அந்தக் கோடு பெட்டிகளைக் குறுக்க வெட்டிக்கிட்டுப் போய் மீடியன் கோட்டோட குழம்பும்.

நீங்க கேக்காத ஒண்ணு. 2015 உங்க முப்பது வருஷத்துக்குள்ளயே இருக்கு. ஜியாம்_பாக்ஸ்ப்ளாட் அதை அவுட்லையர் புள்ளியா ஒரு தடவை வரையும், நீங்க தனிக்குறியா இன்னொரு தடவை வரைவீங்க. பார்க்கறவங்க ரெண்டு வெள்ளம்னு நினைப்பாங்க. அவுட்லையர்.ஷேப் = என்ஏ போட்டு பெட்டியோட புள்ளிகளை மறைச்சுடுங்க. அதுக்கு பதிலா முப்பது வருஷத்தையும் ஜியாம்_ஜிட்டர்ல குட்டிக் குட்டி வெற்று வட்டமா போடுங்க. 2015-ஐ மட்டும் அந்த லேயர்லேர்ந்து வடிகட்டிடுங்க, பெட்டிக் கணக்குல இருக்கட்டும். முப்பதே மதிப்புதான், எல்லாத்தையும் காட்டலாம், ஒளிக்க ஒண்ணும் இல்ல. விட்த் 0.15 போதும், ஆனா ஹைட் = 0 கண்டிப்பா குடுங்க. சும்மா விட்டா ஜிட்டர் மேலயும் கீழயும் கூட ஆட்டும். மார்ச்ல மழையே பெய்யாத வருஷம் பூஜ்யத்துக்குக் கீழ போய் நிக்கும். அசோசியேஷன் மீட்டிங்ல மைனஸ் மழைக்கு யார் பதில் சொல்றது?

குறிகள்: இந்த வருஷம் கெட்டிக் கருப்பு வட்டம், 2015-க்குப் பெருக்கல் குறி. பெட்டிக்கு வெள்ளை நிரப்பு. பெட்டி லேயர் முதல்ல, புள்ளி லேயர் அப்புறம். மாத்திப் போட்டா பெட்டி புள்ளியை மூடிடும்.

வடபழனி_நோட்புக்:

இதையே பைத்தானில் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே படம் வரையும் தொகுப்புகளில், சீபார்ன் பெட்டிகளை 0, 1, 2 என்று நிறுத்தும். மேட்ப்ளாட்லிப்பின் சொந்த பாக்ஸ்ப்ளாட் 1, 2, 3 என்று நிறுத்தும். சீபார்ன் பெட்டி மேல், மாத எண்ணை அப்படியே எக்ஸ் மதிப்பாகக் கொடுத்து பிஎல்டி.ப்ளாட் போட்டால் எல்லாப் புள்ளியும் ஒரு மாதம் வலது பக்கம் நகர்ந்து உட்காரும். நவம்பர் மழை டிசம்பர் பெட்டி மேல் இருக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. மழையாக இருப்பதால் கண்ணுக்குச் சந்தேகமும் வராது, டிசம்பரிலும்தான் பெய்யும். மேலே வைப்பதையும் சீபார்னின் ஸ்ட்ரிப்ப்ளாட்டிலேயே வைத்து, இரண்டுக்கும் ஒரே ஆர்டர் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில், கிராஃப் பாக்ஸ் கட்டளை வரையும் படத்தின் மேல் வேறு எதையும் ஏற்றவே முடியாது. சதமானங்களைத் தனியாகக் கணக்கிட்டு, டூவேயில் ஆர்பார், ஆர்ஸ்பைக் வைத்துப் பெட்டியை நாமே கட்டினால்தான் ஸ்கேட்டரை அதன் மேல் போடலாம்.

எக்செல்_ஏகாம்பரம்:

எங்க ஆபீசில் ஆர் இன்ஸ்டால் பண்ண ஐடி டிபார்ட்மென்ட் விடாது. எக்செல்தான் கதி. 2016 பதிப்பில் பாக்ஸ் அண்ட் விஸ்கர் சார்ட் வந்ததும் சந்தோஷப்பட்டேன், ஆனால் அதோடு வேறு சார்ட் வகையைச் சேர்க்க முடியாது, கோம்போவில் அது வராது. ஆகவே பழைய வைத்தியம்தான். ஸ்டேக்டு காலம் (அடுக்குத் தூண்) சார்ட்: அடித்துண்டு முதல் குவார்ட்டைல் வரை, அதற்கு நோ ஃபில். அதன் மேல் மீடியன் வரை ஒரு துண்டு, அதற்கு மேல் மூன்றாம் குவார்ட்டைல் வரை ஒரு துண்டு. விஸ்கருக்கு எரர் பார். கடைசியில் இந்த வருஷத்தை ஒரு சீரிஸாகச் சேர்த்து, அதை மட்டும் லைன் வித் மார்க்கர் ஆக்கி, லைனை எடுத்துவிட்டால் புள்ளி மட்டும் நிற்கும். வேலை கொஞ்சம் இழுக்கும், ஆனால் வரும்.

ஒரு சந்தேகம். எக்செல்லின் சொந்த பாக்ஸ் சார்ட்டில் வரும் பெட்டியும் நான் ஃபார்முலாவில் கட்டிய பெட்டியும் கொஞ்சம் வித்தியாசப்படுகின்றன. எது சரி?

மயிலை_கணக்கு_டீச்சர்:

ஏகாம்பரம் சார், இரண்டும் சரி. கால்மானம் (குவார்ட்டைல்) கணக்கிடப் பல முறைகள் உண்டு. புள்ளியியலாளர்கள் ஹைண்ட்மனும் ஃபேனும் 1996-ல் மென்பொருள்களில் புழங்கும் ஒன்பது முறைகளைத் தொகுத்தார்கள், ஆரின் குவான்டைல் கட்டளையில் அந்த ஒன்பதும் இருக்கின்றன. 10, 20, 30 என்று 80 வரை எட்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். எக்செல்லின் குவார்ட்டைல்.இன்க் முதல் கால்மானம் 27.5 என்று சொல்லும். குவார்ட்டைல்.எக்ஸ்க் 22.5 என்று சொல்லும். ஆரின் பழைய பாக்ஸ்ப்ளாட் கட்டளை, கீழ்ப்பாதியின் இடைநிலையை (மீடியனை) எடுத்து 25 என்று வரையும். ஜிஜிப்ளாட் 27.5 பக்கம். எக்செல்லின் பெட்டிப் படம், நீங்கள் அமைப்பை மாற்றாதவரை எக்ஸ்க்ளூசிவ் முறையில் வரைகிறது. நீங்கள் இன்க் ஃபார்முலா போட்டிருப்பீர்கள். முப்பது மதிப்பு இருந்தால் வித்தியாசம் சிறியது. எட்டு பத்து மதிப்பு என்றால் கண்ணில் படும். ஒரு படத்துக்குள் இரண்டு முறைகளைக் கலக்காதவரை கவலையில்லை.

மடிப்பாக்கத்துக்காரருக்கு: உங்கள் நிரலை எல்லாரும் சரிசெய்துவிட்டார்கள். என் கவலை வேறு. பெட்டி அளப்பதும் புள்ளி அளப்பதும் ஒன்றல்ல. 0.25 டிகிரி கட்டம் என்றால் நம் ஊரில் பக்கத்துக்குச் சுமார் 27 கிலோமீட்டர், அதாவது எழுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புக்கு ஒரே ஓர் எண். உங்கள் புள்ளியோ ஒரு மொட்டைமாடி. 2015 டிசம்பர் 2 காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவானது. மின்சார ரயிலில் ஒரே லைன், ஒரே நாள். பரப்புச் சராசரி இந்த மேடுபள்ளத்தை எல்லாம் தேய்த்துவிடும், அதனால் கட்டத்தின் பெட்டி ஒல்லியாகத்தான் இருக்கும். ஒற்றை மானியின் புள்ளி பெட்டிக்கு வெளியே போனால், அது அபூர்வ மழையாகவும் இருக்கலாம், ஒற்றை மானி என்பதாலும் இருக்கலாம். படம் அதைச் சொல்லாது.

அடுத்து நேரம். வானிலைத் துறைக்கு மழை நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, முடிகிற தேதியின் பெயரில் பதிவாகும். நவம்பர் 30 ராத்திரி கொட்டியது டிசம்பர் 1-ன் கணக்கு. நீங்கள் ஆபீஸ் விட்டு வந்து சாயங்காலம் அளப்பவராக இருந்தால், மாதக் கடைசியில் ஒரு நல்ல மழை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தாவிவிடும். கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் மானி இருந்தாலும் காற்று சுழன்று அளவைக் குறைக்கும்.

நிரம்பி வழிந்த மாதத்தை வட்டமாக வைக்காதீர்கள். மேல்நோக்கிய முக்கோணமாக வையுங்கள், கீழே "குறைந்தபட்சம் இவ்வளவு" என்று எழுதுங்கள். கட்டத் தரவை எடுத்து அந்த இடத்தில் ஒட்டுப் போடுவதைவிட இது யோக்கியமானது.

விஸ்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. விஸ்கர் பெட்டியின் உயரத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் நீளாது என்ற விதி புள்ளியியலாளர் ஜான் டூக்கி தந்தது, 1977-ல் பரவலானது. அதற்கு முன்பே 1952-ல் மேரி எலினார் ஸ்பியர் கிட்டத்தட்ட இதே படத்தைப் போட்டிருக்கிறார், அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. இயல்நிலைப் பரவலாக இருந்தால் அந்த விதியில் ஆயிரத்துக்கு ஏழு மதிப்புகள்தான் வெளியே விழும். மழை அப்படிப் பரவுவதில்லை. மார்ச்சில் பாதிக்கு மேற்பட்ட வருஷங்கள் பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் பெட்டியே தரையில் படுத்துவிடும், ஒரு சாதாரண தூறல் கூட விலகிய புள்ளியாகத் தெரியும். பார்ப்பவர் மார்ச்சில் ஏதோ பேய்மழை என்று நினைப்பார். அவுட்லையரை மறைத்து எல்லா வருஷத்தையும் காட்டச் சொன்ன தரமணித் தம்பியின் யோசனை இதற்கும் மருந்து.

மடிப்பாக்கம்_மொட்டைமாடி:

டீச்சர், கட்டம் பற்றிச் சொன்னது நியாயம், ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். மாடியில் விழுவதுதானே எங்க குழிக்குள் போகணும்? எழுநூறு சதுர கிலோமீட்டர் சராசரி எங்க குழாயில் இறங்காது. அதனால் மாடிப் புள்ளி கட்டாயம் இருக்கும். நீங்க சொன்னதற்காக இந்த வருஷத்தின் கட்ட மதிப்பையும் எடுத்து வெற்றுச் சதுரமாகப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். சதுரம் பெட்டியோடு ஒப்பிட, கெட்டி வட்டம் குழியோடு ஒப்பிட. இரண்டும் தள்ளித் தள்ளி நின்றால் அதையும் ஜனங்கள் பார்க்கட்டும்.

அளப்பது காலை எட்டரைக்குத்தான், ஆபீஸ் கிளம்பும் முன். மானி தொட்டியிலிருந்து தள்ளி, துணி காயப்போடும் கம்பிக்கும் அந்தப் பக்கம். யாராவது போர்வையை உதறிப் போட்டு மூடாதவரை பிரச்சினை இல்லை.

லெவல்ஸ் சரியாகிவிட்டது. ஒய்லிம்மை எடுத்த உடனே நவம்பர் பெட்டி நிமிர்ந்துவிட்டது. கோட்டையும் விட்டுவிட்டேன். மிச்சம் அந்த நசுங்கல்தான். 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ., 1918 நவம்பரில் 1,088. இந்த மாதிரி எண்கள் ஒரு பக்கம், பிப்ரவரி, மார்ச் பூஜ்யங்கள் ஒரு பக்கம். லாக் (மடக்கை) அச்சு போட்டால் பூஜ்யமெல்லாம் காணாமல் போகிறது. என்ன செய்ய? 2015-ஐப் பெட்டிக் கணக்கிலிருந்தும் எடுத்துவிடணுமா?

மயிலை_கணக்கு_டீச்சர்:

குழிக் கணக்கு உங்கள் பக்கம், சரி. 2015-ஐ எடுக்காதீர்கள். அதுவும் சென்னையில் பெய்த மழைதான். "பெட்டியில் 2015-ம் அடக்கம்" என்று அடிக்குறிப்பு போட்டால் போதும். முப்பதில் ஒன்று, இடைநிலை அசையாது. சராசரியாக இருந்தால் ஆடிப் போயிருக்கும்.

தரமணி_ரூட்2:

லாக் வேணாம், பூஜ்யத்துக்கு லாக் கிடையாது, அந்த வருஷமெல்லாம் விழுந்துடும். வர்க்கமூலம் போடுங்க. பூஜ்யம் பூஜ்யமாவே இருக்கும், 1,000 வந்து 250-ஐப் போல ரெண்டு மடங்கு உயரத்துல நிக்கும், நசுங்காது. ரெண்டு வழி இருக்கு, ரெண்டும் ஒண்ணு இல்ல. ஸ்கேல்_ஒய்_ஸ்கொயர்ரூட் போட்டா முதல்ல மதிப்பை மாத்திட்டு அப்புறம் பெட்டி கணக்கு பண்ணும். மீடியன், குவார்ட்டைல் ஏறக்குறைய அப்படியே இருக்கும், விஸ்கர் நீளம் மாறும். கோஆர்ட்_டிரான்ஸ் போட்டா பழைய மதிப்புல கணக்கு பண்ணிட்டு, வரையும்போது மட்டும் வளைக்கும். 4.0 பதிப்புலேர்ந்து அதுக்கு கோஆர்ட்_டிரான்ஸ்ஃபார்ம்னு பேர். உங்க டேட்டா ஒரு பக்கமா சரிஞ்சிருக்கறதால நான் முதல் வழிதான் எடுப்பேன், விஸ்கர் கொஞ்சம் அர்த்தமா வரும். எதுவானாலும் கீழ் எல்லையை 0-லயே நிறுத்திடுங்க, அதுக்குக் கீழ போனா வர்க்கமூலம் கிடையாது.

அச்சு எண்களை நீங்களே குடுங்க: 0, 50, 200, 500, 1,000. அதுவா போட்டா சம இடைவெளி எண்ணா போட்டு மேல கொண்டு போய் நெருக்கி வைக்கும், லிஃப்டுக்கு நிக்கறவங்களுக்குக் கீழ்ப்பகுதில ஒரு எண்ணும் படிக்கக் கிடைக்காது. எழுத்து அளவு 16-க்குக் குறையாம பாத்துக்கோங்க.